கெட்டும் செட்டும் சேர்

ஆபுத்திரன் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் ஏந்திக்கொண்டு சாவகத்துக்குக் கப்பல் ஏறினான். மழையில்லாமல் பஞ்சத்தில் கிடந்த நாடு அது. வழியில் மணிபல்லவத்தில் கப்பல் நின்றது. இவன் இறங்கினான். இவன் ஏறிவிட்டான் என்று நினைத்து மாலுமிகள் பாயை விரித்துவிட்டார்கள். ஊட்ட ஆளில்லாத தீவில் பாத்திரம் எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிரையும் விட்டான் என்கிறது மணிமேகலை. காவியச்சுவை, பௌத்த அறம் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். நிரல் எழுதும் என் தொழிலுக்கு இதில் ஒரே ஒரு சேதிதான்: அள்ளிக் கொடுக்கும் பாத்திரம் அவனோடு சாவகம் போய்ச் சேரவில்லை.

1995ல் கலிபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் புதிய கணினி மொழிக்கு அந்தச் சாவகத் தீவின் பெயரை வைத்தது. ஜாவா. முதலில் வைத்திருந்த பெயர் ஓக், ஜேம்ஸ் காஸ்லிங்கின் அறைக்கு வெளியே நின்ற மரம். அந்தப் பெயரை வேறொரு கம்பெனி ஏற்கெனவே பிடித்து வைத்திருந்ததால் மரத்தை விட்டுக் காப்பிக்குத் தாவினார்கள். காப்பியைத்தான் நினைத்தார்கள், ஆனால் காப்பிக்கே அந்தப் பெயர் தீவு கொடுத்தது. பாத்திரம் வந்து சேராத பாவம் மொழியையும் பிடித்துக்கொண்டது. அடுத்த 25 வருடம் ஜாவாக்காரர்கள் ஒரே பருக்கையைக் கோடி தடவை கையால் சமைத்தார்கள்.

அந்தப் பருக்கையின் பூர்வீகம் கொஞ்சம் கௌரவமானது. 1972ல் டேவிட் பார்னாஸ் ஒரு கட்டுரை எழுதினார். நிரலைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும்போது, நாளைக்கு மாறக்கூடிய சமாசாரங்களை ஒவ்வொரு பகுதியும் தனக்குள்ளேயே ஒளித்துக்கொள்ள வேண்டும் என்றார். வீட்டு விஷயம் வாசல் தாண்டக்கூடாது என்று நம் பாட்டிமார் சொல்லாததா? ஜாவா அதைச் சிரமேற்கொண்டது. கிளாஸ் என்ற வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 'பிரைவேட்' என்று ஒரு பூட்டு. பூட்டிய கையோடு ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி செய்து, வாசலில் ஆணி அடித்து மாட்டியது. எட்டிப் பார்க்க கெட்டர். மாற்றி வைக்க செட்டர். யாரும் வரலாம், பார்க்கலாம், பீரோவில் புடவையை எடுத்துவிட்டு வேட்டியை வைத்துவிட்டும் போகலாம். ஆனால் பூட்டு இருக்கிறது பாருங்கள், அதுதான் கௌரவம்.

இந்தச் சாவி மாட்டும் சடங்கைச் சாஸ்திரமாக்கியது ஜாவாபீன்ஸ். 1996 முடிகிற நேரத்தில் வந்தது. விஷுவல் பேசிக்காரர்கள் திரையில் பட்டனை இழுத்துப் போட்டு, நிறத்தை மாற்றி, மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். சன் கம்பெனிக்கு வயிற்றெரிச்சல். நம்மாட்களும் இழுத்துப் போடட்டும் என்று முடிவெடுத்தார்கள். இழுத்துப் போடும் கருவிக்கு ஒரு பட்டனில் என்னென்ன மாற்றலாம் என்று எப்படித் தெரியும்? மெத்தட் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். 'கெட் கலர்', 'செட் கலர்' என்று இரண்டு இருந்தால் 'கலர்' என்று ஒரு குணம் இருக்கிறதாக அர்த்தம். பெயரை மட்டும் வைத்து ஜாதகம் கணிக்கிற வித்தை. இதற்கு பீன்பாக்ஸ் என்று ஒரு மாதிரிக் கருவியும் கொடுத்தார்கள். அதில் ஜாவாவின் சின்னமான டியூக் பொம்மை பீன்ஸ்களைத் தூக்கிப் போட்டுப் பிடித்து வித்தை காட்டும்.

பட்டனை இழுத்துப் போடும் அந்த உலகம் சொன்னபடி வந்து சேரவே இல்லை. பெயர் வைக்கும் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. மாப்பிள்ளை ஓடிப்போன பிறகும் வருடா வருடம் தலைதீபாவளிச் சீர் அனுப்பிய கதை.

சீர் வாங்க வந்த முதல் ஆள் எண்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ், 1998ல். பெயரில் பீன்ஸ் உண்டு, திரையில் இழுத்துப் போட ஒன்றும் கிடையாது. கம்பெனிகளின் சர்வரில் ஓடும் பெரிய விவகாரம். டேட்டாபேஸில் வாடிக்கையாளர் என்று ஒரே ஒரு டேபிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொட ஒரு ஹோம் இன்டர்ஃபேஸ், ஒரு ரிமோட் இன்டர்ஃபேஸ், பீன் கிளாஸ் ஒன்று, டேபிளின் சாவிக்கு ஒரு கிளாஸ், இவை எல்லாம் யார் யார் என்று அறிமுகம் செய்ய எக்ஸ்எம்எல்லில் ஒரு ஃபைல், சர்வர் விற்றவரின் திருப்திக்கு இன்னொரு எக்ஸ்எம்எல். பீன் கிளாஸுக்குள் 'ஆக்டிவேட்', 'பாஸிவேட்', 'லோட்', 'ஸ்டோர்' என்று ஏழு மெத்தட் கட்டாயம். அதில் பாதி வெறுமையாக இருக்கும். வெறும் பந்தி இலை, உட்கார ஆளில்லை, ஆனாலும் இலை போட்டே ஆகவேண்டும்.

இதற்கும் மேலே ஒரு கூத்து. 'கெட் நேம்' என்று கூப்பிட்டால் அது நெட்வொர்க்கைத் தாண்டி இன்னொரு மெஷினுக்குப் போய்ப் பெயரைக் கேட்டு வரும். 'கெட் ஊர்' என்றால் மறுபடியும் போய் வரும். உப்பு வாங்க ஒரு தடவை, புளி வாங்க ஒரு தடவை என்று கடைக்கு அலையும் வீட்டுப் பையன். அலைச்சல் தாங்காமல், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அனுப்பலாம் என்று பை ஒன்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பெயர் டிரான்ஸ்ஃபர் ஆப்ஜெக்ட். அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்கிறீர்களா? அதே ஃபீல்டுகள். அதே கெட்டர்கள். அதே செட்டர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது இந்தக் கூத்தின் உச்சக்கட்டத்தில். சென்னையில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். எழுதிய வரிகளை எண்ணி முன்னேற்றம் பார்க்கும் காலம். டேபிள் 60, ஒவ்வொன்றுக்கும் அரை டஜன் ஃபைல். எங்கள் மேனேஜருக்கு கெட்டர் செட்டர் என்றால் உயிர்.

"இன்னிக்கு எத்தனைப்பா?"

"எண்ணூறு வரி சார்."

"சபாஷ். லாஜிக் எவ்வளவு?"

"பதினொண்ணு சார்."

"பரவால்ல, அதை நாளைக்குப் பாத்துக்கலாம்."

இந்த மாதிரி வரிகளுக்கு ஆங்கிலத்தில் பாய்லர்பிளேட் என்று பெயர். கொதிகலன் செய்யும் இரும்புத் தகடு. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சின்ன ஊர்ப் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகளை உலோகத் தகட்டிலேயே வார்த்து அனுப்புவார்கள். உள்ளூர் ஆசிரியர் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது, அப்படியே அச்சடிக்கலாம், அல்லது குப்பையில் போடலாம். நம் கல்யாணப் பத்திரிகை அதைவிட மேல். 'சுற்றமும் நட்பும் சூழ' அச்சகத்தில் தயாராக நிற்கும், நாம் போய் மணமக்கள் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். ஜாவாவில் அந்தச் சுற்றத்தையும் நட்பையும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நாமே எழுத்துக் கோக்க வேண்டும்.

எழுத்துக் கோத்தால் பிழை வரும். என் வாழ்வின் மூன்று நாட்களைத் தின்ற ஒன்றைச் சொல்கிறேன். 'செட் பேலன்ஸ்' என்று ஒரு செட்டர். அதற்கு வெளியிலிருந்து வரும் தொகையின் பெயரை அவசரத்தில் 'பேலன்' என்று அடித்துவிட்டேன், 'ஸ்' விட்டுப்போயிற்று. உள்ளே இருந்த வரி: திஸ்.பேலன்ஸ் = பேலன்ஸ். வந்த தொகை வாசலிலேயே நிற்கிறது. உள்ளே பேலன்ஸ் தன்னைத் தானே எடுத்துத் தன்னிடமே கொடுத்துக்கொள்கிறது. இலக்கணப்படி பிழையே இல்லை, கம்பைலர் வாயைத் திறக்கவில்லை. எல்லா வாடிக்கையாளருக்கும் இருப்பு பூஜ்யம். டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டோம், நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம், சர்வர் விற்றவருக்குக் கோபமாக ஒரு மெயில்கூடப் போட்டோம். நாங்கள் நிரல் எழுதிய எக்லிப்ஸ் என்ற கருவி அந்த வரிக்குப் பக்கத்தில் முதல் நாளிலிருந்தே மஞ்சள் விளக்கு ஏற்றி வைத்திருந்தது. ஏற்கெனவே நானூறு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் கார்த்திகை தீபம் என்று விட்டுவிட்டோம்.

எக்லிப்ஸ் வந்தது 2001ல், ஐபிஎம் உபயம். ஆல்ட்டையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு 'எஸ்', பிறகு 'ஆர்' தட்டினால் கெட்டர் செட்டர் கொட்டும். அப்படியிருக்க நான் ஏன் கையால் அடித்தேன் என்று கேட்பீர்கள். அந்தக் குறுக்குவழி எனக்குத் தெரிந்தது மூன்று நாள் கழித்துத்தான். அமுதசுரபி கிடைத்துவிட்டதாகக் கொண்டாடினோம். ஆனால் பாத்திரம் சோறு போடும், சாப்பிட்ட இலையை எடுக்காது. ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால், கொட்டிய நானூறு வரியையும் மேய்க்க வேண்டியது நாம்தான்.

கெட்டர் செட்டரோடு போனாலும் பரவாயில்லை. இரண்டு ஆப்ஜெக்ட் ஒன்றுதானா என்று பார்க்க 'ஈக்வல்ஸ்', அதை எந்த அறையில் தேடுவது என்று சொல்ல 'ஹேஷ்கோடு' என்று இரட்டையர் வேறு. ஒன்றை எழுதினால் மற்றதையும் எழுதியே தீரவேண்டும் என்று ஜோஷுவா பிளாக் 2001ல் வந்த எஃபெக்டிவ் ஜாவா புத்தகத்தில் கண்டித்துச் சொல்லியிருந்தார். எழுதாவிட்டால் கோயில் வாசலில் செருப்பு விட்ட கதைதான். விட்டது 14ஆம் அறையில், கேட்கும்போது டோக்கன் 92 என்கிறது. செருப்பு உள்ளேதான் இருக்கிறது, உங்களுக்குக் கிடைக்காது.

சந்து பொந்தெல்லாம் சீர்திருத்தவாதிகள் முளைத்த காலமும் அதுதான். 2000 செப்டம்பரில் மார்ட்டின் ஃபவுலரும் இரண்டு நண்பர்களும் ஒரு பேச்சுக்குத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, இந்த ஜனங்கள் ஏன் சாதாரண ஜாவா ஆப்ஜெக்ட்டைச் சீந்துவதில்லை என்று யோசித்தார்கள். அதற்குப் பகட்டான பெயர் இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடித்து 'போஜோ' என்று ஒரு பெயர் சூட்டினார்கள். உடனே ஜனங்கள் சீந்தினார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் மனோதத்துவம் பற்றிய மிகத் துல்லியமான ஆராய்ச்சி அதுதான். 2003ல் ஆலன் ஹோலப் கெட்டரும் செட்டரும் தீமை என்றே ஒரு கட்டுரை எழுதினார். ஆப்ஜெக்ட்டிடம் தகவலைக் கேட்காதே, வேலையைச் சொல் என்றார். எங்கள் டீமில் எல்லோரும் படித்தோம், பிரிண்ட் எடுத்து ஒட்டினோம், மறுபடி ஆல்ட் ஷிஃப்ட் எஸ் தட்டினோம்.

மூலையில் இருந்த லிஸ்ப்காரர்கள், நிரலே நிரலை எழுதும் மேக்ரோவை நாங்கள் 1960களிலேயே வைத்திருந்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதற்கும் அப்படித்தான் சொல்வார்கள். எரிச்சல் என்னவென்றால் அநேகமாக அது உண்மையாக இருக்கும்.

அரை டஜன் ஃபைல் நோய்க்கு ஸ்வீடனின் ரிக்கார்ட் ஓபர்க் மருந்து கொண்டுவந்தார். முதலில் இஜேபிடாக்லெட், வளர்ந்து எக்ஸ்டாக்லெட். மற்ற ஃபைல்களில் வரவேண்டிய விவரத்தையெல்லாம் பீன் கிளாஸின் தலைக்கு மேல் கமென்ட்டாக எழுதிவிடு, மீதி ஃபைல்களை நான் பெற்றெடுக்கிறேன் என்றது. கமென்ட் என்பது மனிதனுக்கு மனிதன் எழுதும் குறிப்பு. அதில் மெஷினுக்குக் கட்டளை எழுதுவது, சுவரில் 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்பதைப் படித்துவிட்டுச் சுவரே எழுந்து ஆளை அடிப்பது மாதிரி. வேலை செய்தது என்பதுதான் ஆச்சரியம். நாளடைவில் பத்து வரி கிளாஸுக்கு மேல் நாற்பது வரி கமென்ட் நின்றது. அந்த நாற்பதையும் பக்கத்து கிளாஸிலிருந்து காப்பி அடித்தோம். ஒரு எழுத்து தவறினால் கம்பைலருக்குத் தெரியாது, கமென்ட்தானே என்று தாண்டிப் போய்விடும். பாய்லர்பிளேட்டை ஒழிக்க வந்த பாய்லர்பிளேட்.

டென்மார்க்காரர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் இந்த விவகாரத்தை எப்போதோ வேறு மாதிரி தீர்த்துவிட்டார் என்பதை ஜாவா வட்டாரத்தில் சொல்லக்கூடாது. 1995லேயே டெல்ஃபியில் புராப்பர்ட்டி என்று ஒன்று வைத்தார், வெளியே பார்த்தால் ஃபீல்டு, உள்ளே மெத்தட். பிறகு மைக்ரோசாஃப்ட் போய் சி ஷார்ப்பிலும் வைத்தார். 2007ல் வந்த மூன்றாம் பதிப்பில் வளைந்த அடைப்புக்குள் 'கெட்; செட்;' என்று இரண்டே வார்த்தை, மீதியைக் கம்பைலர் எழுதிக்கொள்ளும். அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாங்கள் அம்மியில் அரைத்தோம், அம்மிச் சட்னிக்குத்தான் ருசி என்றும் சொல்லிக்கொண்டோம்.

ஜாவாவுக்கு 2004ல் அன்னோட்டேஷன் வந்தது. கமென்ட்டில் ஒளிந்திருந்த கட்டளைகள் @ குறியோடு மொழிக்குள்ளேயே குடியேறின. 2006 கடைசியில் இன்னொரு வசதி: கம்பைலர் வேலை செய்யும்போது நம் ஆள் ஒருவர் உள்ளே நுழைந்து அன்னோட்டேஷன்களைப் படித்துப் புது ஃபைல்களை எழுதலாம். ஒரே ஒரு நிபந்தனை. புதிதாக எழுதலாம், இருப்பதில் கை வைக்கக்கூடாது.

2009ல் இரண்டு டச்சுக்காரர்கள், ரைனியர் ஸ்விட்சர்லோட், ரூல் ஸ்பில்கர், அந்த நிபந்தனையைப் படித்தார்கள். விருந்தாளியாக முறைப்படி பத்திரிகை காட்டி உள்ளே போனார்கள். பந்தியில் உட்காராமல் நேரே சமையற்கட்டுக்குள் புகுந்து, அடுப்பில் கொதிக்கும் குழம்பில் மிளகாயைக் கிள்ளிப் போட்டார்கள். உவமைக்காகச் சொல்லவில்லை. அவர்கள் கருவியின் பெயர் லொம்பொக். ஜாவாவுக்குக் கிழக்கே பாலியைத் தாண்டிய தீவு. ஜாவானிய மொழியில் லொம்பொக் என்றால் மிளகாய்.

கம்பைலர் நம் நிரலைப் படித்து உள்ளுக்குள் ஒரு மரமாக அடுக்கி வைத்திருக்கும். வெளியாட்கள் தொடக்கூடாத, கம்பைலரின் சொந்தச் சாமான் அது. லொம்பொக் அந்த மரத்தில் ஏறி கெட்டர், செட்டர், ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டுவிட்டு இறங்கிவிடும். கிளாஸுக்கு மேல் '@டேட்டா' என்று எழுதினால் போதும். நானூறு வரி ஒரு வார்த்தையில் அடங்கியது. அந்த மேனேஜர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் எங்கள் வருட உழைப்பு மைனஸில் போயிருக்கும்.

பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இது ஜாவாவே அல்ல, திருட்டு வேலை என்றார்கள். திருட்டுதான். மிளகாய் யாருடையது என்று கேட்டுவிட்டா சாப்பிட்டோம்? ஆனால் மிளகாய்க்குண்டான குணம் காட்டாமல் போகுமா? வாடிக்கையாளர் கிளாஸுக்கு ஒரு @டேட்டா, ஆர்டர் கிளாஸுக்கு ஒரு @டேட்டா. வாடிக்கையாளரிடம் அவருடைய ஆர்டர்கள் இருக்கும், ஆர்டரிடம் அதன் வாடிக்கையாளர் இருப்பார். லாகில் ஒரு வாடிக்கையாளரை அச்சடிக்கச் சொன்னால் அவர் தன் ஆர்டரைக் கேள் என்பார், ஆர்டர் வாடிக்கையாளரைக் கேள் என்னும். பெண் வீட்டாரைக் கேளுங்கள், பையன் வீட்டாரைக் கேளுங்கள் என்று மாறி மாறித் தள்ளி ஸ்டேக் நிரம்பி புரோகிராம் செத்து விழும். எழுதாத வரியில் பிழை தேடுவது ஒரு தனி ஞானம். ஃபைலைத் திறந்தால் அங்கே ஒன்றுமே இல்லை.

இதற்குள் வேறு தீவுகளும் கிளம்பின. 2011ல் ஹைபர்னேட் என்ற டேட்டாபேஸ் கருவியைச் செய்த கேவின் கிங், ரெட் ஹாட்டில் இருந்தபடி சிலோன் என்றே ஒரு மொழியை அறிவித்தார். ஜாவா காப்பித் தீவு என்றால் இது தேயிலைத் தீவு. டீ நன்றாகத்தான் இருந்தது, குடிக்க ஆள் வராமல் ஆறிப்போயிற்று. அதே வருடம் ஜெட்பிரெய்ன்ஸ் கம்பெனி ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் கோட்லின் தீவின் பெயரில் ஒரு மொழி கொண்டுவந்தது. 'டேட்டா கிளாஸ்' என்று ஒரே வரி, வேலை முடிந்தது. கெட்டர் கொட்டும் மெனுவை இன்டெல்லிஜே என்ற தன் கருவியில் வைத்து விற்ற அதே கம்பெனிதான். சைக்கிள் பஞ்சர் கடைக்காரரே பஞ்சராகாத டயர் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்! 2017ல் கூகுள் அதை ஆண்ட்ராய்டுக்குள் அழைத்து மாலை போட்டதும் ஜாவாவுக்கு ரோஷம் வந்தது.

ரோஷம் வந்து பலன் கிடைத்தது 2021 மார்ச்சில். ஜாவா 16. பிரையன் கெட்ஸ் தலைமையில் (கெட்டரை ஒழிக்க வந்தவர் பெயரே கெட்ஸ்) 'ரெக்கார்டு' என்று ஒன்று மொழிக்குள் வந்தது. பெயரும் ஃபீல்டுகளும் ஒரே வரியில், மீதி கம்பைலர் பாடு. ஊரே வெடி வெடித்தது. அதன் அதிகாரபூர்வ ஆவணத்தில் மட்டும், பாய்லர்பிளேட் மேல் போர் தொடுப்பது எங்கள் நோக்கமல்ல, ஜாவாபீன்ஸ் முறைப்படி பெயர் வைத்த கிளாஸ்களின் துன்பத்தைத் தீர்ப்பதும் நோக்கமல்ல என்று எழுதி வைத்திருந்தார்கள். கால் நூற்றாண்டு காத்திருந்து தாலி கட்டும் நேரத்தில், இது கல்யாணம் அல்ல, சொத்துப் பதிவு என்று சொன்ன மாதிரி.

அதே ஜாவா 16ல் கம்பைலரின் உள்ளறைகளுக்கு இழுத்துப் பூட்டும் போட்டார்கள். லொம்பொக் ஏறிய மரம் பூட்டுக்குள் போயிற்று. ஊரெங்கும் பில்டு உடைந்தது. இரண்டு டச்சுக்காரர்களும் அடுத்த பதிப்பிலேயே வேறொரு ஜன்னலைக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டார்கள். அந்த வருடம் ஜூன் மாதமே கிட்ஹப் கோபைலட் என்று, நிரலை வாக்கியம் வாக்கியமாக ஊகித்து எழுதும் இயந்திரத்தின் முன்னோட்டமும் வந்துவிட்டது. ஒரு வழியாக அமுதசுரபி பொய்கையிலிருந்து மேலே வந்து கண்டதையும் போட ஆரம்பித்தது.

போன வருடம் என் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு கிளாஸைக் காட்டினாள். 42 ஃபீல்டு, 84 மெத்தட். ஒவ்வொன்றின் தலையிலும் 'பேலன்ஸைத் திருப்பித் தருகிறது', 'பேலன்ஸை அமைக்கிறது' என்று அழகான ஆங்கிலத்தில் கமென்ட். ஏஐ எழுதியது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். பழைய காயம் விடுமா? ஒவ்வொரு செட்டரிலும் 'ஸ்' இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது.

"ரெக்கார்டு போட்டிருந்தா ஒரே வரிம்மா. ஏன் போடல?"

"போட்டுப் பாத்தேண்ணா. ரெக்கார்டுல வெறும் 'பேலன்ஸ்'னுதான் வருது. நம்ம ரிப்போர்ட் லைப்ரரி பழசு, 'கெட்'னு ஆரம்பிச்சாத்தான் எடுக்குது. அப்புறம் அதுல செட் பண்ணவும் முடியல."

"ம்."

"இந்த 'கெட்' எதுக்குண்ணா? யாரு ஆரம்பிச்சது?"

"பட்டனை இழுத்துப் போடறதுக்கும்மா. 96ல."

அவள் திரையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள்.

"எந்தப் பட்டன்?"